புகாரில் உங்கள் கையெழுத்து

வாசகர் கடிதம்:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமம். வயது 29, டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு உண்டு, இப்போதும் இரண்டு காளைகள் நிற்கின்றன. போன மாதம் ஒரு நடிகை யூடியூப் பேட்டியில், ‘ஜல்லிக்கட்டில் என்ன வீரம் இருக்கிறது? வாயில்லா ஜீவனைக் கூட்டமாகச் சேர்ந்து வதைக்கிறார்கள், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டார். குரூப்பில் வந்த ஒரு நிமிட வீடியோவை நானும் பார்த்தேன். ஊரே கொதித்துவிட்டது. எங்கள் இளைஞர் மன்றமும் பக்கத்து ஊர் மன்றங்களும் சேர்ந்து, ஊருக்கு ஒரு புகார் வீதம் அவர் மேல் கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் புகார் என் பெயரில். டைப் அடித்து வந்துவிட்டது, நகல் இணைத்திருக்கிறேன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அடுத்து அவர் படம் வந்தால் தியேட்டரில் ஓட விடக்கூடாது என்றும் பேச்சு. மனைவி இதெல்லாம் வேண்டாம் என்கிறாள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நடிகர், நடிகை என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா? கருத்துச் சுதந்திரம் அவர்களுக்கு மட்டும்தானா? எங்களுக்குச் சட்டத்தில் வழியே இல்லையா?

பி.கு.: அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அவரைப் பற்றி வந்த ஒரு மீம்ஸை நானும் இரண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். கொஞ்சம் ஆபாசமாகத்தான் இருந்தது.

— பெயர் வெளியிட வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. மன்றக் கூட்டம் நெருங்குவதால் இந்த வரியை உங்களுக்குத் தனியாகவும் முன்பே அனுப்பிவிட்டேன். கூடவே, அந்த மீம்ஸை இரண்டு குரூப்பிலும் அழித்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகக் கவலைப்பட வைத்தது அந்தப் பின்குறிப்புதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கோபத்தைப் பற்றி. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நானும் மதுரைக்காரிதான். பருத்திக்கொட்டையும் உளுந்தும் ஊறவைத்துக் கொடுத்து, கண்மாயில் நீச்சல் விட்டு, மண் குத்தப் பழக்கி, வீட்டில் ஒரு பிள்ளையாக வைத்து வளர்க்கிற மாட்டை ‘வதைக்கிறார்கள்’ என்று ஒருவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தப் பேச்சு உங்களுக்கு வலித்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது குற்றமா என்பதுதான் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வரும் கேள்வி.

அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு, பேசவும் கருத்துச் சொல்லவும் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை தருகிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக அந்த உரிமைக்கு வரம்பு போடலாம் என்று சொல்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எட்டுதான். ‘ஊர் மக்களின் மனதைப் புண்படுத்துதல்’ என்று அதில் ஒன்று கிடையாது. இந்த எட்டோடு புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரியில், கௌஷல் கிஷோர் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சரி, நீங்கள் அனுப்பிய நகலுக்கு வருவோம். யாரோ சட்டம் கொஞ்சம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு எண்களைப் போட்டிருக்கிறார். 196, 299, 356. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

196 என்பது மதம், இனம், மொழி, பிறந்த ஊர், சாதி போன்றவற்றின் பேரில் இரண்டு பிரிவினருக்கு இடையே பகையை மூட்டுவது. அந்த நடிகை யாரை யாருக்கு எதிராகக் கிளப்பினார்? ஒரு விளையாட்டைப் பிடிக்கவில்லை என்றார். அதில் இரண்டாவது பிரிவினர் என்று யாருமே இல்லை. அதோடு, இந்தப் பிரிவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. 299 என்பது மத உணர்வைப் புண்படுத்துவது. ஜல்லிக்கட்டு கோயில் திருவிழாவோடு சேர்ந்தது என்பதால் இதைப் போட்டிருக்கிறார்கள் போல. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மதத்தை அவமதித்தால்தான் அது பொருந்தும். விலங்கின் மேல் இரக்கப்பட்டுச் சொன்ன பேச்சை, அந்த இரக்கம் தப்பான இடத்தில் விழுந்திருந்தாலும், அதற்குள் அடைக்க முடியாது. 356 அவதூறு. இதில் பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது. ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதிலும் சட்டம் கறாரானது. உங்கள் பெயரையோ, உங்கள் மாட்டையோ, இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய ஒரு குழுவையோ அவர் சொல்லவில்லை. ஜல்லிக்கட்டு நேசிக்கிற எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் என்று வாதாட முடியாது.

இது நான் ஊகித்துச் சொல்வதில்லை. இதே மாதிரி, ஊருக்கு ஒரு புகார் என்று கிளம்பிய வழக்கு தமிழ்நாட்டிலேயே நடந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்திருக்கிறது. நடிகை குஷ்பு வழக்கு.

2005 செப்டம்பரில் ஒரு வார இதழ் நடத்திய கருத்துக்கணிப்பை ஒட்டி, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் ஒரு கருத்துச் சொன்னார். தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று ஊர் ஊராகப் போராட்டம் கிளம்பியது. துடைப்பமும் செருப்பும் தூக்கினார்கள். மொத்தம் 23 புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர் நீதிமன்றங்களில். அவர் சென்னையில் இருந்தவர். ஒவ்வொரு ஊருக்கும் போய் ஆஜராக வேண்டிய நிலை. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது கூடியிருந்தவர்கள் முட்டையும் தக்காளியும் வீசினார்கள். அவர் வருத்தம் தெரிவித்தும் அது அடங்கவில்லை. புகார்களை ரத்து செய்யக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2008 ஏப்ரலில் அங்கே மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் போனார். 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு அத்தனை புகார்களையும் ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, புகார் கொடுத்தவர்கள் யாரும் சட்டப்படி ‘பாதிக்கப்பட்டவர்’ இல்லை என்றார்கள். இரண்டு, சமூகத்தில் பலருக்குப் பிடிக்காத கருத்து என்பதாலேயே அது குற்றமாகிவிடாது, பிடிக்காதவர்கள் பதில் கருத்துச் சொல்லட்டும், குற்றவியல் சட்டத்தை அதற்கு இழுக்கக்கூடாது என்றார்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இத்தனை புகார்கள் குவிந்த விதத்தைப் பார்த்து, அவை நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டவை அல்ல என்றே நீதிமன்றம் எழுதியது. தீர்ப்பில் அப்படி ஒரு வரி வந்துவிட்டால், அது புகாரில் கையெழுத்துப் போட்டவரின் மேல்தான் விழும். திட்டம் போட்டவர் மேல் விழாது.

வழக்கு நிற்காது, சரி, ஆனால் நாலரை வருடம் அலையவிட முடிந்ததே என்று உங்கள் மன்றத்தில் யாராவது சொல்லலாம். உண்மைதான், அலைய வைத்தார்கள். இதை ஒரு வழியாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. நீதிமன்றம் தண்டிக்காது என்று தெரிந்துகொண்டே வாய்தாவையே தண்டனையாக்குவது, அதற்குள் வருகிற உங்களைப் போன்ற ஆட்களையும் சேர்த்துத்தான் அரைக்கும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். அவருக்கும் சிறு கடைதான். ஒரு மேடைப் பேச்சை எதிர்த்துத் தனிப்புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பேச்சை அவர் கேட்டதே இல்லை. முதல் வாய்தாவுக்கு வேனில் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாய்தாவுக்கு அவரும் அவர் தம்பியும். அதற்கப்புறம் அவர் மட்டும். போகாவிட்டால் புகார் தள்ளுபடியாகும், ஊரில் ‘காசு வாங்கிவிட்டான்’ என்று பேச்சு வரும் என்ற பயத்திலேயே கடையை அடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கையெழுத்து வாங்கிய தலைவர் அதற்குள் கட்சி மாறி, யாரை எதிர்த்தாரோ அவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் புகாரின் இரண்டாவது பத்தியில், ‘மேற்படி பேட்டியை நான் முழுமையாகப் பார்த்து மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்’ என்று இருக்கிறது. நீங்கள் பார்த்தது குரூப்பில் வந்த ஒரு நிமிட வீடியோ. தனிப்புகார் என்றால் நடுவர் முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் சார்பில் நல்ல வக்கீல் வந்து நிற்பார். முழுதாகப் பார்த்ததாகச் சத்தியம் செய்துவிட்டு, பேட்டி எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன கேள்வி கேட்டார்கள் என்று யாராவது விசாரித்தால் என்ன சொல்வீர்கள்? தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

காவல் நிலையத்தில் கொடுத்தாலும் இப்போது பழைய மாதிரி இல்லை. ஒரு கவிதையை வைத்து இம்ரான் பிரதாப்கர்ஹி என்ற எம்.பி. மேல் குஜராத் போலீஸ் போட்ட எஃப்ஐஆரை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட இந்த மாதிரிப் புகார்களில் எடுத்த எடுப்பில் எஃப்ஐஆர் போடாமல், 14 நாட்களுக்குள் முதல்நிலை விசாரணை நடத்திப் பார்ப்பதே பொருத்தம் என்று சொன்னது. ஒரு பேச்சின் விளைவை, எதற்கெடுத்தாலும் ஆடிப்போகிற மனம் உள்ளவர்களை வைத்து அளக்கக்கூடாது, உறுதியும் தைரியமும் உள்ளவர்களை வைத்து அளக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. காளை வளர்க்கிற ஊரில் அந்த உறுதிக்குப் பஞ்சம் இல்லை என்று நம்புகிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். 2015, 2016 பொங்கலுக்கு வாடிவாசல் மூடிக்கிடந்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்களுக்கும் மெரினாவில் கூடியவர்களுக்கும் அன்று என்ன பலம் இருந்தது? சட்டம் நம் பக்கம் இல்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே ‘இது வதை’ என்று தீர்ப்பு எழுதியிருந்தது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று நாம் உரக்கச் சொன்னோம். உங்களுக்கு அப்போது இருபது வயது இருக்கும், நீங்களும் போயிருப்பீர்கள். ‘விலங்கு நேசர்களின் மனதைப் புண்படுத்துகிறார்கள்’ என்று வட இந்தியாவில் ஊருக்கு ஒரு புகார் நம் மேல் கொடுத்திருந்தால்? ஜல்லிக்கட்டை ஆதரித்துப் பேசிய ஒவ்வொருவரையும் 23 நீதிமன்றங்களுக்கு இழுத்திருந்தால்? நம்மைப் பேச விட்டது 19ஆவது பிரிவுதான். பேசிப் பேசித்தான் அவசரச் சட்டம் வந்தது, சட்டத் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அவர்தான் சிறுபான்மைக் கருத்தைச் சொல்கிறவர். அன்று நமக்குக் கிடைத்த இடம் இன்று அவருக்கும் உண்டு.

தியேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு எண்ணமே கிடையாது. ‘நான் பார்க்க மாட்டேன், என் வீட்டார் பார்க்க மாட்டார்கள், நீங்களும் பார்க்காதீர்கள்’ என்று ஊர் முழுக்கச் சொல்லலாம், போஸ்டர் அடிக்கலாம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து அனுமதி வாங்கி, அமைதியாக ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். ‘படம் போட்டால் பார்’ என்று தியேட்டர்காரரிடம் போய்ச் சொன்ன நிமிடமே அது மிரட்டல். கண்ணாடி ஒன்று உடைந்தால் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் வரும். அதில் மாட்டினால் ஜாமீன் வாங்குவதே பெரும்பாடு. அங்கே நிற்கப்போவதும் நீங்களும் உங்கள் நண்பர்களும்தான்.

இதிலும் நம் மாநிலத்துப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. இட ஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சை நிறுத்தினால் அது மிரட்டலுக்குப் பணிவது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நான் வாதங்களில் எத்தனையோ முறை எடுத்துப் பேசியிருக்கிறேன்.

இவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘தக் லைஃப்’ பட விழாவில் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் பேசினார். கர்நாடகத்தில் படத்தை ஓட விடமாட்டோம் என்றார்கள். அங்கே உள்ள உயர் நீதிமன்றம், மன்னிப்புக் கேட்டால் என்ன என்று அவரைக் கேட்டது. ஜூன் 5 அன்று மற்ற இடங்களில் வெளியான படம் கர்நாடகத்தில் வரவில்லை. அப்போது நம் ஊரில் என்ன பேசிக்கொண்டோம்? ‘ஒரு கருத்துச் சொன்னதற்குப் படத்தையே நிறுத்துவதா?’ என்றுதானே? உச்ச நீதிமன்றமும் அதையேதான் கேட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்வது உயர் நீதிமன்றத்தின் வேலை இல்லை, கும்பல்கள் தெருவைக் கைப்பற்ற விட முடியாது, ஒருவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு நீங்களும் ஒன்று சொல்லுங்கள் என்றது. படத்துக்குப் பாதுகாப்புக் கொடுப்பதாகக் கர்நாடக அரசு உறுதி சொன்ன பிறகு வழக்கை முடித்தது. 2017இல் சத்யராஜுக்கும் இதேதான் நடந்தது. அதற்கும் ஒன்பது வருடத்துக்கு முன் காவிரிப் பிரச்சினையில் பேசிய பேச்சுக்காக ‘பாகுபலி 2’ படத்தை நிறுத்துவோம் என்றார்கள், அவர் வருத்தம் தெரிவித்த பிறகே விட்டார்கள். அன்று நமக்கு நியாயமாகப் படாதது, பெங்களூருக்குப் பதில் மதுரை என்று ஆனதும் நியாயமாகிவிடுமா?

கருத்துச் சுதந்திரம் நடிகர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிவிட மனம் வரவில்லை. சட்டத்தில் அவருக்கும் உங்களுக்கும் ஒரே உரிமை. நடைமுறையில் அவர் பேசினால் லட்சம் பேர் கேட்கிறார்கள், நீங்கள் பேசினால் கடைக்கு வண்டி விட வந்தவர் கேட்கிறார். மாட்டைப் பற்றி அவரைவிட உங்களுக்கு நூறு மடங்கு தெரியும், மைக் அவரிடம்தான் போகிறது. பிரபலங்கள் தெரியாத விஷயத்தில் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வைப் போலீஸ் புகார் சரிசெய்யாது. அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது, உங்களுக்கு வாய்தாவுக்குக் கடை மூடினால் அன்றைய வருமானம் போச்சு. உங்கள் புகாரால் அவர் பேச்சு இன்னும் பத்து லட்சம் பேரிடம் போய்ச் சேரும், உங்கள் பதில் மட்டும் யாருக்கும் கேட்காது.

விமர்சனத்திலிருந்து அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் சொன்னது தவறு, அறியாமை, ஊரைப் பற்றிய அலட்சியம் என்று எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். அதைத் தடுக்க அவருக்கும் உரிமை இல்லை.

இப்போது அந்த மீம்ஸ். பிரபலங்களைச் சட்டம் விட்டுவிடுகிறது என்று நினைக்கிறீர்கள். நடிகர் எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். அவர் எழுதியது இல்லை, வேறு ஒருவர் எழுதியதைப் பகிர்ந்தார், அவ்வளவே. உடனே நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்யக் கேட்டதை 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி, அனுப்பியவர்தான் விளைவுக்குப் பொறுப்பு என்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆக, நடிகை ஜல்லிக்கட்டைப் பற்றிச் சொன்னதில் குற்றம் இல்லை. ஒரு பெண்ணின் உடலை வைத்து ஆபாசமாகச் செய்த படத்தை நீங்கள் பகிர்ந்ததில் குற்றம் இருக்கிறது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் சொல், செய்கைக்கு நியாய சன்ஹிதாவின் 79ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. ஆபாசத்தை மின்னணு முறையில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ‘நான் ஃபார்வேர்டுதான் செய்தேன்’ என்பது எடுபடாது என்று மேலே பார்த்தோம். நீங்கள் புகாரில் கையெழுத்துப் போட்டு உங்கள் பெயர் வெளியே வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது உங்கள் வாட்ஸ்அப்பையும் முகநூலையும்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சட்டத்தை விட்டுவிட்டும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நடிகர் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் ‘அவனுக்கு என்ன தெரியும், மாட்டுக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்லு’ என்றிருப்பார்கள். சொன்னது பெண் என்றதும் பேச்சு நேராக அவர் உடம்புக்குப் போகிறது, குடும்பத்துக்குப் போகிறது. 2005இலும் இதேதான் நடந்தது. உங்கள் மனைவி அந்த மீம்ஸைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அவர் ‘வேண்டாம்’ என்றதற்கு வழக்கு பயம் மட்டும் காரணமாக இருக்காது. அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

மன்றத்தில் என்ன சொல்வது? கையெழுத்துப் போடாவிட்டால் ‘பயந்துவிட்டான்’ என்பார்கள் என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வெறும் கையோடு போகாதீர்கள். முதலில் அந்தப் பேட்டியை முழுதாகப் பாருங்கள். அவர் வேறு ஏதோ கேள்விக்குச் சொன்ன பதிலாக இருக்கலாம், அல்லது நீங்கள் நினைத்ததைவிட மோசமாகவே இருக்கலாம். எதுவானாலும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அப்புறம் மன்றத்தின் பெயரில் அவருக்கு ஒரு பதில் எழுதுங்கள். மருத்துவர் மாட்டைப் பரிசோதித்துச் சான்று கொடுக்காமல் வாடிவாசலுக்கு விடுவதில்லை என்பதை எழுதுங்கள். திமிலைப் பிடித்துக் குறிப்பிட்ட தூரம் போனால்தான் பிடிபட்ட மாடு, வாலைப் பிடித்தால் ஆள் வெளியே என்ற விதியை எழுதுங்கள். நாட்டு மாட்டை வேறு எந்த வேலைக்கும் வைக்க ஆள் இல்லாத காலத்தில் நீங்கள் எதற்காக வைத்திருக்கிறீர்கள், மாதம் தீவனத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். மாடுபிடி வீரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உயிரிழப்பது, சில இடங்களில் விதி மீறுவது ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை ஒப்புக்கொண்டு எழுதினால்தான் மற்றதை நம்புவார்கள். கடைசியில், தை மாதம் வாருங்கள், எங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஒரு நாள் இருந்து பாருங்கள் என்று அழைப்பும் வையுங்கள். அதை வீடியோவாக உங்கள் தொழுவத்திலேயே நின்று பேசிப் போட்டாலும் நல்லதுதான். ஊருக்கு ஒரு புகார் என்பதை ஊருக்கு ஒரு பதில் என்று மாற்றச் சொல்லுங்கள். இதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டாம், யாரும் வாய்தாவுக்குப் போக வேண்டியதும் இல்லை.

மீம்ஸை நீங்கள் அனுப்பிய குரூப்புகளில், அதைப் போட்டது தப்பு என்று உங்கள் பெயரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எல்லோரும் பார்க்கும்படி. இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் செய்யுங்கள்.

மீறி, உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரில் புகார் போய்விட்டால், அது உங்கள் கையெழுத்து இல்லை என்று அதே காவல் நிலையத்தில் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். அப்போது எனக்கும் ஒரு போன் போடுங்கள். மன்றத்தின் பதிலை எழுதி முடித்ததும், அவருக்கு அனுப்பும் முன் எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சட்டச் சிக்கல் ஏதாவது இருந்தால் சொல்கிறேன். உங்கள் இரண்டு காளைகளின் பெயரையும் அதில் மறக்காமல் எழுதுங்கள், கடிதத்தில் விட்டுவிட்டீர்கள்.